ஒரு சென்டிமீட்டரில் கடற்கரைக் கோயில்

செங்கல்பட்டில் வீட்டின் பின்னறையில் பாட்டைப் பதிவு செய்து, தானே அதை வெளியிட நினைக்கும் பாடகருக்கு இன்று பெரிய தடை எதுவும் இல்லை. ஒரு மைக், ஒரு மடிக்கணினி, இணைய இணைப்பு இருந்தால் போதும். பாட்டை ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்ற தளங்களில் ஏற்றித் தரும் விநியோக நிறுவனத்திடம் போகும்போதுதான் கையில் இல்லாத ஒன்றைக் கேட்கிறார்கள்: முகப்புப் படம். படம் சதுரமாக இருக்க வேண்டும்; பெரும்பாலும் 3000-க்கு 3000 பிக்சல் வேண்டும்; தொலைபேசி எண், இணைய முகவரி, விலை எதுவும் அதில் இருக்கக் கூடாது. உடனே கருவி தேடும் படலம் தொடங்குகிறது. கேன்வா, ஃபோட்டோஷாப், காசில்லாமல் கிடைக்கும் கிம்ப், இங்க்ஸ்கேப், கிரிட்டா, உலாவியிலேயே ஓடும் ஃபோட்டோபீ, சொன்னதை வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவு என்று வரிசை நீள்கிறது. இவற்றில் எது சிறந்தது என்று விவாதிப்பவர்கள் தப்பான இடத்தில் பொழுதைக் கழிக்கிறார்கள் என்பது என் கட்சி. படத்துக்கு நுணுக்கம் சேர்ப்பதில் இந்தக் கருவிகளுக்குள் இருக்கும் வித்தியாசம், கேட்பவரின் கண்ணுக்கு எட்டுவதே இல்லை. முகப்பின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது படத்தைச் சிறிதாக்கிப் பார்க்கும் வசதி. அது எல்லாக் கருவியிலும் இருக்கிறது. எல்லோரும் அதைக் கடைசியில்தான் தொடுகிறார்கள். முதலில் தொட வேண்டும் என்பதற்கு நம் விழித்திரையின் அமைப்பு ஒரு சான்று. செங்கல்பட்டிலிருந்து கிழக்கே முப்பது கிலோமீட்டர் தள்ளி, மாமல்லபுரத்துப் பாறைகளில் இன்னொரு சான்று இருக்கிறது.

இசைத்தட்டுக்கு முகப்புப் படம் போடும் வழக்கத்துக்கு இன்னும் நூறு வயது ஆகவில்லை. 78 சுழற்சித் தட்டுகள் வெறும் காகித உறையிலோ, முதுகில் பெயர் மட்டும் பொறித்த அட்டைக் கட்டிலோ விலைபோயின. அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனத்தில் 1939-இல் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர்தான் அந்த அட்டையில் படம் வரையத் தொடங்கினார். அதே நிறுவனம் 1948-இல் எல்.பி. தட்டை அறிமுகப்படுத்தியது. 12 அங்குலத் தட்டை மூடும் உறையின் பக்கம் ஏறத்தாழ 31 செ.மீ. ஆனது. தமிழ்த் திரையிசையும் இந்தச் சதுரத்துக்குள் வந்து அமர்ந்தது. அடுத்து வந்த கேசட்டின் அட்டை 10 செ.மீ. உயரமும் ஆறரை செ.மீ. அகலமுமாகச் சுருங்கியது, சி.டி. வந்து மறுபடி சதுரமானாலும் பக்கம் 12 செ.மீ.தான். இன்று கைப்பேசியில் பாட்டுப் பட்டியலைத் தள்ளிக்கொண்டே போகும்போது ஒவ்வொரு பாட்டின் இடப்பக்கமும் தெரியும் படத்தின் பக்கம் ஏறத்தாழ 1 செ.மீ. ஓர் எல்.பி. உறையின் பரப்பில் இப்படிப்பட்ட படங்கள் 950-க்கு மேல் அடங்கும். முகப்புக் கலையின் வரலாறு என்று பாணிகளையும் ஓவியர்களையும் பற்றி நிறையப் பேசப்படுகிறது. பரப்பு ஆயிரத்தில் ஒரு பங்காகிப் போன இந்த விஷயம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

வெறும் சென்டிமீட்டரை வைத்து இதை முழுதாகப் புரிந்துகொள்ள முடியாது; கண்ணுக்குக் கோணம்தான் கணக்கு. 31 செ.மீ. உறையை அரை மீட்டர் தூரத்தில் பிடித்தால் அது விழியில் சுமார் 34 பாகை விரிகிறது. 1 செ.மீ. படத்தை 30 செ.மீ. தூரத்தில் பார்த்தால் 2 பாகைகூட முழுதாக இல்லை. விழித்திரையில் கூர்மையாகப் பார்க்கும் நடுக்குழி காட்டும் பரப்பும் ஏறக்குறைய 2 பாகைதான். எல்.பி. உறையைப் பார்ப்பவரின் பார்வை முகத்திலிருந்து எழுத்துக்கும், எழுத்திலிருந்து மூலைக்கும் துள்ளித் துள்ளிப் போக வேண்டியிருந்தது. அந்தப் பயணத்தில் எதை முதலில், எதை அடுத்துக் காட்டுவது என்று ஓவியர் திட்டமிட முடிந்தது. சின்னப் படத்தில் அந்தப் பயணம் கிடையாது. பார்வை ஒருமுறை விழுந்தால் படம் முழுவதும் அந்த ஒரே நிலைப்பில் அகப்பட்டுவிடுகிறது; பார்வை அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறது. ஒரே தரத்துப் படைப்பு சிறிதாகிவிட்டது என்று மட்டும் இதைக் கொள்ளக் கூடாது. பார்க்கும் விதமே வேறாகிவிட்டது.

இனி 3000 பிக்சலுக்கு வருவோம். நல்ல பார்வை உள்ளவர் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய இடைவெளி ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. 30 செ.மீ. தூரத்தில் அது 0.087 மில்லிமீட்டர். 1 செ.மீ. அகலத்தில் இப்படி 115 புள்ளிகள்தான் கொள்ளும். ஆக, நீங்கள் அனுப்பிய 3000 பிக்சல் கடைசியில் கண்ணுக்குள் 115 புள்ளிகளாகத்தான் நுழைகிறது. பக்கத்துக்கு 26 வீதம், கிட்டத்தட்ட 680 பிக்சல்கள் கலந்து ஒரே புள்ளியாகின்றன. படத்தை நூறு விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி, கண்ணிமையைத் திருத்தி, மணலுக்கு மினுக்கம் ஏற்றிச் செலவழித்த மணிநேரமெல்லாம் அந்த 680-க்குள் கரைந்துபோகிறது. கைப்பேசித் திரைகள் எவ்வளவு கூர்மையானாலும் இந்தக் கணக்கு மாறாது. எல்லை திரையில் இல்லை, விழியில் இருக்கிறது.

அப்படியானால் அந்த 115 புள்ளியில் எதுதான் மிஞ்சும்? 1968-இல் ஃபெர்கஸ் கேம்பெல், ஜான் ராப்சன் என்ற இரு கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கறுப்பும் வெளுப்புமான வரிப் பட்டைகளைக் காட்டி நடத்திய சோதனைகள் ஒரு முக்கியமான பாதையைத் திறந்தன. மூளை ஒரு படத்தை ஒரே துண்டாகக் கையாள்வதில்லை. அகன்ற பட்டைகளை ஒரு தடத்திலும் நெருக்கமான பட்டைகளை வேறு தடங்களிலுமாகப் பிரித்து வாங்கிக்கொள்கிறது. பெருவடிவங்கள் ஒரு வழியில் போக, நுண்விவரங்கள் இன்னொரு வழியில் போகின்றன. பெருவடிவம் மட்டும் இருந்தாலே காட்சி புரிந்துவிடுகிறது என்பதை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த அன்டோனியோ டொரால்பா பிற்பாடு காட்டினார்: வண்ணப் படங்களை வெறும் 32-க்கு 32 பிக்சலாகச் சுருக்கிக் காட்டியும், அது கடற்கரையா தெருவா அறையா என்று பார்த்தவர்கள் பெரும்பாலும் சரியாகச் சொன்னார்கள். 115 இருக்கும் இடத்தில் 32-ஏ போதும் என்றால் கவலை எதற்கு? எல்லாப் படமும் அப்படிப் பிழைப்பதில்லை என்பதுதான் கவலை. செங்கல்பட்டு மாவட்டத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலை விடிகாலை வானத்தின் முன் நிறுத்திப் படமெடுத்தால், பெரியதும் சிறியதுமாக ஏறும் இரண்டு விமானங்களின் கரிய வெளிக்கோடு 32 பிக்சலிலும் அடையாளம் தெரியும். கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை என்று அழைக்கப்படும் சரிவுப் பாறையும் அப்படியே. வேடந்தாங்கல் மரங்களில் அடையும் ஆயிரக்கணக்கான பறவைகளின் படம், சுவரில் மாட்டினால் அற்புதமாக இருக்கும், 1 செ.மீ.யில் சாம்பல் பூத்த பச்சைக் கறையாக மட்டுமே எஞ்சும். கோவளத்தில் காயப் போட்ட மீன்வலையின் நிலை இன்னும் மோசம். வலைக் கண்களின் ஒழுங்கான இடைவெளி, சுருக்கப்பட்ட படத்தின் பிக்சல் இடைவெளியோடு மோதி, இல்லாத அலைக் கோடுகளைப் படத்தில் உண்டாக்கிவிடும். மாதிரி எடுக்கும் இடைவெளியைவிட நுண்மையான ஒழுங்கு ஒன்று பொய்யான பருமனான ஒழுங்காக வேடம் போடுவதைத்தான் பொறியாளர்கள் மொவாரே என்பார்கள். பட்டுப் புடவைக் கட்டங்களும் இதே வம்பைத் தரும்.

இந்த இடத்தில் மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசைப் பார்ப்பது நல்லது. (பகீரதன் தவம், கங்கை இறங்கியது என்றும் சொல்வார்கள், அந்த வழக்கு இங்கே வேண்டாம்.) அகலம் ஏறத்தாழ 29 மீட்டர், உயரம் சுமார் 13 மீட்டர். 20 மீட்டர் தள்ளி நின்றால்கூட 70 பாகைக்கு மேல் விரிகிற புடைப்புச் சிற்பம். கழுத்தைத் திருப்பாமல் முழுதாகப் பார்க்க முடியாது. இதை ஒரு முகப்புப் படத்துக்குள் கொண்டுவந்தால் ஒவ்வொரு விழிப்புள்ளிக்கும் பாறையில் 25 செ.மீ. ஒதுக்கீடு. ஆளுயர உருவம் ஒன்றின் முகம் ஒரே புள்ளியாகிவிடும். ஆனாலும் சுருக்கிய படத்தில் இந்தச் சிற்பம் முழுக்க அழிந்துபோவதில்லை. பாறையை இரண்டாகப் பிளக்கும் இயற்கையான செங்குத்து வெடிப்பு அப்படியே இருட்டுக் கோடாக நிற்கிறது. அதற்கு வலப்பக்கம் கீழே பெரிய யானைகள் இரண்டும், ஒன்றரை மில்லிமீட்டர்தான் ஆனாலும், வெளிச்சத் திட்டுகளாக நிற்கின்றன. இருபுறத்து உருவங்களும் அந்த வெடிப்பை நோக்கித் திரும்பியிருப்பதால் கூட்டத்தின் போக்கும் தெரிகிறது. பல்லவச் சிற்பிகள் இயற்கை கொடுத்த வெடிப்பைக் குறையாகக் கருதி மறைக்கவில்லை. மொத்த அமைப்பையும் அதன் மீதே தொங்கவிட்டார்கள். அடுத்த அடுக்கில் யானைகள். இன்னும் கிட்டே வந்தால்தான் ஒற்றைக் காலில் தவம் செய்யும் பூனையும் அதன் காலடி எலிகளும். தூரத்துக்கு ஒன்று, நடுத் தூரத்துக்கு ஒன்று, அருகே வந்தவருக்கு ஒரு கேலி என்று மூன்று அளவில் மூன்று செய்தி.

இது பிற்காலத்தவர் கண்ணில் பட்ட தற்செயலா, வேலை செய்த முறையின் விளைவா என்று கேட்கலாம். மாமல்லபுரத்தில் முடிக்கப்படாமல் விடப்பட்ட வேலைகள் ஏராளம் என்பது இந்தக் கேள்விக்கு உதவுகிறது. அரைகுறைக் குடைவரைகளின் சுவர்களில், பாறையை ஆழமான கோடுகளால் கட்டங்கட்டமாகப் பிரித்து, கட்டங்களை ஒவ்வொன்றாக உடைத்தெடுத்த தடம் அப்படியே இருக்கிறது. தபசுக் காட்சியையே இன்னொரு முறை செதுக்கத் தொடங்கிக் கைவிட்ட பாறையும் அதே குன்றில் உண்டு. அதில் உருவங்கள் பருத்த திரள்களாக மட்டும் நிற்கின்றன, முகமும் விரலும் வரவே இல்லை. முதலில் திரள், பிறகு உறுப்பு, கடைசியில் நகை என்பது இந்த வேலையின் வரிசை. கருங்கல்லில் வேறு வரிசை சாத்தியமும் இல்லை. தவறான இடத்தில் நகையை முடித்துவிட்டு உடம்பை நகர்த்த முடியாது. 1957-இல் இங்கே அரசு தொடங்கிய சிற்பக் கல்லூரியிலும் ஊர்ப் பட்டறைகளிலும் தாளம் என்ற சிற்ப அளவைக் கொண்டு உடம்பைப் பகுத்து எடுத்த பிறகே அணிகலனுக்குப் போவதுதான் முறை. கணினி இந்தக் கட்டாயத்தை நீக்கியது. எதையும் எப்போதும் நகர்த்தலாம், அழிக்கலாம் என்று வந்ததும் வரிசை தலைகீழானது. புதுக் கோப்பைத் திறந்தால் 3000 பிக்சல் வெள்ளைச் சதுரம் திரை முழுக்க நிற்கிறது. வடிவமைப்பவர் முதல் நிமிடத்திலேயே எழுத்துரு தேர்வில் இறங்கிவிடுகிறார். மென்பொருளின் பழக்கமே நம்மை நகையிலிருந்து தொடங்கவைக்கிறது.

திருத்தம் எளிது. கிம்ப், கிரிட்டா, ஃபோட்டோஷாப் மூன்றிலும் ஒரே கோப்புக்கு இரண்டாவது சாளரம் திறக்கலாம். அதை விரல்நக அளவுக்குச் சிறிதாக்கித் திரையின் ஓரத்தில் வைத்துவிட்டு, கண்ணை அதன் மேலும் கையைப் பெரிய சாளரத்திலும் வைத்து வேலை செய்யலாம். கேன்வாவில் இரண்டு சாளரம் இல்லையென்றாலும் காட்சியளவைக் குறைக்கும் கோல் இருக்கிறது. கணினித் திரையைக் கைப்பேசியைவிடத் தள்ளி வைத்துப் பார்ப்பதால் அங்கே 2 செ.மீ. அகலம் இருந்தால் கோணம் சரியாக இருக்கும். சுருக்கும்போது ஒரு சூட்சுமம் உண்டு. பிக்சலில் எழுதியிருக்கும் எண் ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் இல்லை. கண்ணின் இயல்புக்கேற்ப வளைத்து எழுதப்பட்டது. பாதி கறுப்பும் பாதி வெளுப்புமான நுண்கட்டங்களைத் தள்ளி நின்று பார்த்தால் கண்ணுக்கு வருவது பாதி ஒளி. அதற்குரிய எண் 188. பல மென்பொருள்கள் எண்களை நேரடியாகச் சராசரி எடுத்து 128 என்று எழுதிவிடும். அதன் ஒளி பாதி அல்ல, ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். இருண்ட கடலில் படகு விளக்குகள், நட்சத்திர வானம் போன்ற படங்கள் சிறிதாக்கியதும் மங்கிப்போவதற்கு இது ஒரு காரணம். கிம்ப் 2018-இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து ஒளியளவிலேயே இந்தக் கணக்கைச் செய்கிறது. ஆனால் படத்தைச் சுருக்கப்போவது உங்கள் மென்பொருள் அல்ல, தளத்தின் கணினி; அது எப்படிச் செய்யும் என்பது உங்கள் கையில் இல்லை. ஆகவே தனித்தனிப் புள்ளி வெளிச்சங்களை நம்பிப் படத்தை அமைக்காமல் இருப்பதே நல்லது.

வண்ணத்துக்கு வந்தால் பலரும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. வேறுபட்ட இரு நிறங்களை அருகருகே வைத்தால் பிரிந்து தெரியும் என்று நினைக்கிறோம். கண் ஓரங்களையும் எழுத்துகளையும் பிடிப்பது முக்கியமாக வெளிச்ச வேறுபாட்டைக் கொண்டு. நிற வேறுபாடு அதற்கு மேல் பூசும் மெழுகு. திரை நிறங்களின் ஒளிர்வில் பச்சையின் பங்கு 71.5 விழுக்காடு, சிவப்பு 21.3, நீலம் 7.2 மட்டுமே. இந்த எண்களை வைத்து முரண் விகிதம் கணக்கிடுகிறார்கள். உச்சம் 21-க்கு 1. இணைய எழுத்துகளுக்கான உலகளாவிய நெறி சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 கேட்கிறது. கறுப்பில் மஞ்சள் 19.6 வாங்குகிறது. பளீரென்ற நீலத்தின் மேல் பளீரென்ற சிவப்பு வெறும் 2.15. மஞ்சளில் வெள்ளை எழுதினால் 1.07, அதாவது எழுதாததற்குச் சமம். போதாக்குறைக்கு நீலத்தை உணரும் கூம்பு உயிரணுக்கள் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நடுக்குழியின் நட்டநடுவில் அவை கிடையவே கிடையாது. ஜேபெக் கோப்பு முறையும் இதைத் தெரிந்துகொண்டே வெளிச்சத்தை முழுத் தெளிவோடும், நிறத்தைப் பெரும்பாலும் பாதித் தெளிவோடும் சேமிக்கிறது. நீல வானத்தில் சிவப்புத் தலைப்பு விளிம்பு கரைந்து தெரிவது அதனால்தான். சோதிக்கத் தனிக் கருவி வேண்டாம்: படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள், தலைப்பு மறைந்தால் நிறம் ஏமாற்றியிருக்கிறது. மாமல்லபுரத்துக் கல் கிட்டத்தட்ட ஒரே நிறம். அங்கே எல்லா வடிவத்தையும் சுமப்பது நிழல்தான். தபசுப் பாறை கிழக்கு நோக்கியது. காலை வெயில் நேர் முகத்தில் அடிக்கும்போது நிழல் குறைந்து உருவங்கள் தட்டையாகத் தெரியும், சூரியன் உச்சியை நெருங்கிப் பாறையை உரசிக்கொண்டு ஒளி இறங்கும்போது எழுந்து நிற்கும். முகப்புக்காகப் படமெடுப்பவர் இதைக் கவனித்தால் பிறகு மென்பொருளில் முரணைத் திருகித் திருகிப் படத்தைக் கெடுக்க வேண்டியிருக்காது.

தமிழில் தலைப்பு எழுதுபவருக்குச் சிக்கல் இன்னும் கூடுகிறது. சிரமமில்லாமல் படிக்க எழுத்தின் உயரம் விழியில் குறைந்தது 0.2 பாகை வேண்டும் என்பது வாசிப்பு ஆய்வுகளின் முடிவு. 30 செ.மீ. தூரத்தில் அது 1 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதாவது முகப்பின் பத்தில் ஒரு பங்கு, 3000-இல் 300 பிக்சல். இந்த அளவும் ரோமன் எழுத்தை வைத்துச் சொன்னது. நம் ‘ண’கரத்தை 300 பிக்சல் உயரத்தில் எழுதினால் சின்னப் படத்தில் அகலவாக்கில் அதற்குப் பதினேழு பதினெட்டு விழிப்புள்ளிகள் கிடைக்கலாம். அதற்குள் சுழியும் கோடும் இடைவெளியுமாகப் பத்துக்கு மேற்பட்ட பட்டைகள் நெருங்கி நிற்கின்றன. தலா இரண்டு புள்ளிகூடத் தேறாது. ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் உள்ள ஒரு சுழி வித்தியாசமும், மெய்யெழுத்தின் புள்ளியும் முதலில் பலியாகும். ரோமன் எழுத்துக்கு எழுதிய வடிவமைப்பு வார்ப்புகளில் அப்படியே தமிழைக் கொட்டினால் வரும் நசுங்கல் இதுதான். நடைமுறையில் ஒரு வரியில் ஏழெட்டு எழுத்துக்கு மேல் தாங்காது. இடைவெளி திறந்த, தடிமன் மிதமான எழுத்துரு வேண்டும். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கேட்டமரன், ஏக் டைப் குழுவின் முக்தா மலர் போன்ற உரிமக் கட்டணம் இல்லாத எழுத்துருக்கள் இப்போது கிடைக்கின்றன. இன்னொரு பழைய தலைவலி, ‘கொ’ என்று தட்டினால் கொம்பும் காலும் தனித்தனியே சிதறி நடுவில் புள்ளி வட்டம் முளைப்பது. யூனிகோடில் க-வுக்கு அடுத்து ஒரே குறியாகச் சேமிக்கப்படும் ஒகரத்தை, எழுத்தின் இருபுறமும் பிரித்து வரையும் வேலையைத் தனிப் பொறி ஒன்று செய்ய வேண்டும். இங்க்ஸ்கேப்பிலும் கிம்ப்பிலும் ஹார்ஃப்பஸ் என்ற பொறி அதைச் செய்துவிடுகிறது. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தேடிப்பிடித்து இயக்க வேண்டும். எழுத்துருவே இல்லாமல் கையால் எழுதுவதும் ஒரு வழி. கே.எம். ஆதிமூலம் நூல்களுக்கும் இதழ்களுக்கும் தூரிகையால் எழுதிய தலைப்புகள் எவ்வளவு சுருங்கினாலும் ஒரு மொத்த உருவமாகவே கண்ணில் படுகின்றன. மனம் அவற்றை எழுத்தெழுத்தாகப் படிக்கும் முன்பே உருவமாக அடையாளம் கண்டுகொள்கிறது.

இதற்கெல்லாம் மறுப்பு உண்டு. முதலாவது: தமிழ்த் திரைப்பட முகப்புகளில் கூட்டம் நெரிகிறது, நடிகர்கள், தலைப்பு, இசையமைப்பாளர் பெயர், நிறுவனச் சின்னம் எல்லாம் முட்டி மோதுகின்றன, அவை ஓடவில்லையா? ஓடுகின்றன, காரணமும் தெரியும். எம்.ஐ.டி.யில் பணிபுரியும் பவன் சின்ஹாவின் குழு, பழகிய முகங்களை 7-க்கு 10 பிக்சல் என்ற நம்ப முடியாத அளவுக்குச் சுருக்கினாலும் மக்கள் பாதிக்கு மேல் அடையாளம் கண்டுகொள்கிறார்கள் என்று எடுத்துக்காட்டியிருக்கிறது. இளையராஜாவின் முகமோ ரஜினியின் முகமோ எந்தச் சுருக்கத்தையும் தாண்டி வந்துவிடும், ஏனென்றால் பாதிப் படம் ஏற்கெனவே பார்ப்பவரின் நினைவில் இருக்கிறது. இந்தச் சலுகை புதுப் பாடகருக்கு இல்லை. அவர் முகம் 115 புள்ளியில் யாரோ ஒருவரின் முகம். திரைப்பட முகப்பைப் பார்த்துப் பழகிய கண்ணோடு தன் முகத்தையும் அப்படியே நடுவில் வைப்பது, இல்லாத முதலை நம்பிக் கடை திறப்பதற்குச் சமம். முகம் வேண்டும் என்றால் அதற்கு வெளிக்கோடு வேண்டும்: பக்கவாட்டு உருவம், குடை, தலைப்பாகை, கையில் பறை, ஏதோ ஒன்று.

இரண்டாவது மறுப்பு கனமானது. இப்படியே போனால் எல்லா முகப்பும் ஒரு வட்டம், ஒரு கோடு, இரண்டு நிறம் என்று வணிகச் சின்னங்களாகிவிடாதா? பாட்டைத் தட்டியதும் படம் திரை அகலத்துக்கு விரிகிறதே, 7 செ.மீ. படம் 13 பாகை பிடிக்குமே. அங்கே போனால் வெறுமைதானே மிஞ்சும்? இந்த அச்சம் நியாயமானது. மேல்நாட்டு வடிவமைப்பில் இந்த வெறுமையை இப்போதே நிறையப் பார்க்கலாம். ஆனால் சிறிய அளவில் தெளிவு வேண்டும் என்பதிலிருந்து பெரிய அளவில் வறுமை வேண்டும் என்பது பின்தொடராது. பெருவடிவமும் நுண்விவரமும் மூளையில் தனித்தனித் தடத்தில் போவதால் ஒன்றை மற்றொன்று பெரும்பாலும் கெடுக்காமல் ஒரே பரப்பில் இரண்டையும் வைக்கலாம். காட்சி ஆய்வாளர்களான ஓட் ஒலிவாவும் ஃபிலிப் ஷின்சும் இப்படிப்பட்ட கலப்புப் படங்களை உருவாக்கினார்கள்; ஒலிவா இதை எல்லை வரை கொண்டுபோய், கிட்டத்தில் ஐன்ஸ்டைனாகவும் தூரத்தில் மர்லின் மன்றோவாகவும் தெரியும் படத்தைச் செய்து காட்டினார். முகப்புக்கு அவ்வளவு வித்தை வேண்டாம். கோயிலின் கரிய வெளிக்கோட்டுக்கு உள்ளே, வெளிச்ச அளவு அதிகம் மாறாதபடி, எத்தனை செதுக்கலையும் எழுதலாம். பட்டியலில் அது கோயில், விரித்தால் அது ஒரு உலகம். பூனையை நீக்கச் சொல்லவில்லை. பூனையை வைப்பதற்கு முன் வெடிப்பைத் தீர்மானியுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

செயற்கை நுண்ணறிவிடம் விட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்பவர்களும் இருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த நிரல்கள் பலவும் இரைச்சலிலிருந்து படத்தை வரவழைக்கும்போது முதலில் பெருவடிவத்தையும் பிறகே நுணுக்கத்தையும் நிலைப்படுத்துகின்றன. வேலை வரிசையில் அவை சிற்பியின் பக்கம். விளைவில் அப்படியில்லை. படத்தின் எல்லா மூலையிலும் ஒரே அடர்த்தியில் விவரத்தை நிரப்புவது அவற்றுக்குப் பிடித்த பழக்கம். பெரிய திரையில் வாய் பிளக்க வைக்கும் படம் பட்டியலில் பழுப்புக் கூழாகிறது. தமிழ் எழுத்தை எழுதச் சொன்னால் பல நிரல்கள் எழுத்துபோல ஒன்றை வரைகின்றன, சுழிகள் எண்ணிக்கை மாறி, இல்லாத எழுத்துகள் பிறக்கின்றன. தமிழ் பொறித்த படங்களை அவை குறைவாகவே பார்த்திருக்கும் என்பதில் வியப்பில்லை. படத்தை அவற்றிடம் வாங்கினாலும் எழுத்தை வேறு கருவியில் நீங்களே வைப்பதுதான் பாதுகாப்பு. பட்டியல் அளவுக்குச் சுருக்கிப் பார்த்துத் தள்ளுவதும் ஏற்பதும் நிரல் செய்து தராத வேலை.

கருவியைப் பற்றி ஒரே ஒரு சிபாரிசு செய்யலாம் என்றால், வெளிக்கோட்டையும் எழுத்தையும் இங்க்ஸ்கேப் போன்ற திசையன் மென்பொருளில் வரைந்துவிட்டு, நிழற்படத்தையும் மினுக்கங்களையும் பிறகு கிம்ப்பிலோ கிரிட்டாவிலோ சேர்ப்பது நல்லது. திசையன் முறையில் கோடு என்பது பிக்சல் கூட்டமல்ல, ஒரு சமன்பாடு. எந்த அளவிலும் விளிம்பு சிதையாது. சுருக்குவதற்கு மட்டும் இது உதவுகிறது என்று எண்ண வேண்டாம். எல்.பி. தட்டுகள் இப்போது சிறிய எண்ணிக்கையில் மறுபடி அச்சாகின்றன. 31 செ.மீ. உறையை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற வழக்கமான அச்சுத் தரத்தில் எடுக்க 3660 பிக்சல் வேண்டும், வெட்டோரத்துக்கு இன்னும் கொஞ்சம். விநியோக நிறுவனத்துக்காகச் செய்த 3000 பிக்சல் கோப்பு மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், அன்றைக்கு எல்லாவற்றையும் திரும்ப வரைய வேண்டியிருக்கும்.